அடுப்பேறாத காப்பி

அடுப்பைப் பற்றவைக்காமல் காப்பி போட்ட மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான் இருந்தார்; அவரும் திருநெல்வேலியில் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். இதை யாரும் மறுத்துப் பேச முடியாது. மறுக்கிறவர்கள் இன்னொருவரைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தட்டும். அதுவரை நான் சொன்னது சொன்னதுதான்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். தெருவிலும் யாரும் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே ‘குமாஸ்தா அண்ணாச்சி’. முதுகைத் திருப்பினால் ‘பானைக்காப்பி’. வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தார். ஒல்லியான உடம்பு. தலைப்பாகை கட்டி நடந்து வந்தால், தலைப்பாகைதான் இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று தோன்றும். ஆனால் அந்த வாய்! கோர்ட்டில் வக்கீல் பேசாமல் விட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து பேசுவார். கத்தரிக்காய்க்காரி “பிஞ்சுக் காய்யா” என்று கூவினால், “சாட்சி உண்டா?” என்று கேட்பார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கே போய்விடுவாள்.

நான் வாழ்க்கைப்பட்டு அங்கே வந்தபோது செங்கோட்டைப் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மலைப்பக்கத்துக் காப்பிக்கொட்டை அந்த ரயிலில் வந்து இறங்கும். அதற்கு முன்னால் எங்கள் ஜனங்களுக்குக் காலையில் நீராகாரம்தான். காப்பியை ஏதோ வெள்ளைக்காரன் வீட்டுக் கஷாயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சிக்கு அந்த ருசி மெட்ராஸில் ஒட்டிக்கொண்டது. ஒரு அப்பீல் விஷயமாக வக்கீலோடு போனவர், கேஸில் தோற்றுவிட்டுக் காப்பியோடு திரும்பி வந்தார். வந்த நாள் முதல் காலையில் தலைவலி. கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு காப்பி கிளப்பு. அங்கே அவர் நுழைந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் நேரே அவருடைய அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

அந்த அம்மாவை நான் பெரியம்மை என்றுதான் கூப்பிடுவேன். சைவம் என்றால் அப்படி ஒரு சைவம். காலையில் குளித்து, ஈரச்சேலையோடு வந்து, அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, கோலம் இழைத்து, குறுக்குத்துறையிலிருந்து கொண்டுவந்த ஆற்றுத் தண்ணீரைத் தெளித்துக் கும்பிட்ட பிறகுதான் பற்றவைப்பார். வேறு யாரும் அந்த அடுப்பில் கை வைக்கக் கூடாது. மருமகளாக இருந்தாலும் குளித்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். வெங்காயம்கூட அந்த அடுப்பில் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் ஏறும்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குள் கால் வைத்ததும் விசாரணை ஆரம்பித்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

“ஏலே, கிளப்புல போயி கண்டவன் களுவின தம்ளர்ல குடிக்கியாம்லா?”

“தலைவலிம்மா.”

“தலை வலிச்சா சுக்கு அரைச்சுப் பத்துப் போடு. எந் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, இனி கிளப்பு வாசல மிதிக்க மாட்டேன்னு.”

சத்தியம் பண்ணினார். பண்ணிவிட்டுப் பைய ஒரு கேள்வி போட்டார்.

“அப்பம் வீட்டுல போட்டுக் குடிக்கட்டுமா?”

“என் அடுப்புல காப்பி ஏறிச்சுன்னா, நான் முக்கூடலுக்கு எந் தம்பி வீட்டுக்கு வண்டி ஏறிருவேன். பொறவு இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். எது ஏறணும்னு நீயே பாத்துக்க.”

பெரியம்மை சொன்னால் செய்கிறவர். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் மரியாதை குறைந்தது என்று எழுந்து வந்தவர், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அங்கே போனதில்லை.

வேறொரு மகனாக இருந்தால் காப்பியை விட்டிருப்பான். இல்லையென்றால் அம்மா கோவிலுக்குப் போன சமயம் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கொதிக்க வைத்திருப்பான். அண்ணாச்சி இரண்டும் செய்யவில்லை. புறவாசலில் கையால் நாடியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சுவருக்கு மேலே தலைப்பாகை தெரிந்தது. அப்புறம் முகம் தெரிந்தது.

“தங்கச்சி! அம்மா என்ன சொன்னா? அடுப்புல ஏறக் கூடாதுன்னா. குடிக்கக் கூடாதுன்னு சொன்னாளா?”

“சொல்லலை அண்ணாச்சி.”

“அப்பம் எடம் இருக்கு.”

“அடுப்பில்லாம எப்படிக் காப்பி போடுவிய?”

“சோத்தைத் தண்ணில போட்டு வச்சா விடியக்காலம் நீராகாரம் ஆகுதா இல்லையா? அதுக்கு எவன் தீ மூட்டுதான்? சோத்துக்கு ஒரு சட்டம், காப்பிக்கு ஒரு சட்டமா?”

இப்படித்தான் ஆரம்பித்தது.

கொட்டையை வறுக்காமல் ஊறவைக்க முடியாது அல்லவா? வறுப்பதற்கு நெருப்பு வேண்டும். அந்த நெருப்பு என் வீட்டு நெருப்பு. எனக்கு மாமியார் கிடையாது. என் அடுப்புக்கு நான்தான் ராணி. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் காப்பிக்கொட்டையைக் கருகாமல், பச்சை வாசம் நிற்காமல், ஒரே நிறமாக வறுத்து எடுக்க அந்தத் தெருவில் என்னை விட்டால் ஆளில்லை, இன்றைக்கும் இல்லை. முதல் நாள் வறுத்தபோது சுவருக்கு அப்பாலிருந்து பெரியம்மையின் குரல் வந்தது.

“ஏளா, அங்கன என்ன மணக்கு?”

“காப்பிக்கொட்டை பெரியம்மை.”

“யாரு அடுப்பு?”

“எங்க அடுப்பு.”

“அப்பம் சரி.”



முதல் காப்பியைப் பற்றி என்ன சொல்ல! கொட்டையை உரலில் போட்டு மாவாக இடித்துவிட்டார். மூக்குப்பொடிக்குப் போட்டி போடுகிற அளவுக்கு நயம். அதைப் பானைத் தண்ணீரில் கரைத்து வைத்தார். விடிந்ததும் எடுத்தால் வண்டல். “தெளிஞ்சா குடிக்கலாம்” என்று காத்திருந்தார், தெளியவில்லை. அப்படியே குடித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அங்கே வக்கீல் அவர் வாயைப் பார்த்துவிட்டு, “என்ன வே, உமிக்கரி போட்டுப் பல்லு வெளக்கினா வாய் கொப்புளிக்கிற வழக்கம் உம்ம வீட்டுல இல்லையோ?” என்று கேட்டாராம். அன்று முழுக்க அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டில் வேலை சீக்கிரம் முடிந்தது என்று கேள்வி.

அடுத்த தடவை கொட்டையைக் குருணையாக இடித்தார். அது சரி. ஆனால் பானையைத் தப்பாக எடுத்துவிட்டார். அது நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த பானை. சுவர் வழியாக எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. ஒரு வாய்தான் குடித்தேன். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது.

“எப்படி இருக்கு தங்கச்சி?”

“பழைய சோறு இருந்தா தொட்டுக்கிடலாம் அண்ணாச்சி.”

“சீரணத்துக்கு நல்லதுல்லா!” என்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளுகிற பழக்கமே கிடையாது.

கடைசியில் கைப்பக்குவம் பிடிபட்டது. புதுப் பானை. ஆற்றுத் தண்ணீர். குருணைத் தூள். வாயை ஈரத்துணியால் வேடு கட்டி, நிழலில், நனைந்த மணல்மேல் பானையை உட்கார்த்திவிட வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் வைத்தால் விடிந்து எடுக்கலாம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது; கலக்கவும் கூடாது. பிறகு சலவை வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டினால், கருகருவென்று, மினுமினுப்பாக இறங்கும். சாத்தான்குளத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பால் சேர்த்தால், ஆஹா! கொதித்த காப்பியில் நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிற அந்தக் கசப்பு இதில் இராது. மணம் மட்டும் தொண்டைக்குள் இறங்கி நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும்.

பாலில் ஒரு வழக்கு வந்தது. பால் பெரியம்மையின் அடுப்பில் காய்ந்த பால் அல்லவா?

“ஏலே, அடுப்புப் பாலைக் காப்பில ஊத்துதியே, அது மட்டும் செல்லுமா?”

“அம்மா, பால்தான் அடுப்புல இருந்து எறங்கி வந்து காப்பியைப் பாத்துச்சு. காப்பி அடுப்புகிட்ட போகவே இல்லை. வந்த ஆளை வாசல்ல நிறுத்துதது மரியாதையா?”

 பெரியம்மை திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைத்தாரா, சிரிப்பைத் துடைத்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை. சித்திரை வந்தது. திருநெல்வேலிச் சித்திரையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. மணல்மேல் இருந்த பானையிலேயே காப்பி புளித்துப்போயிற்று. அண்ணாச்சிக்குப் பழையபடி தலைவலி. “குளுமையான எடம் வேணும்” என்று தேடினார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுக்கிணறு. பானையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டார்.

“அண்ணாச்சி, கயிறு தாங்குமா?” என்று நானும் கேட்டேன்.

“இந்தக் கயிறு ஜில்லாவையே தாங்கும்” என்றார்.

ஜில்லாவைத் தாங்கியிருக்கும். பானையைத் தாங்கவில்லை. எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. கோடையில் அந்தக் கிணற்றில் கிடந்ததே முழங்கால் தண்ணீர்தான். பானை உடைந்து, தூளும் சாறும் ஒன்றாகக் கலந்துவிட்டது. பெரியம்மை விடியுமுன்னே வழக்கம்போல் நீர் இறைத்தார், குளித்தார், அடுப்பை மெழுகினார், பற்றவைத்தார், உலை வைத்தார். நன்றாக விடிந்த பிறகு உலைமூடியைத் திறந்தால் சோறு மலையாளத்து மட்டையரிசிபோல் செம்பழுப்பாக இருக்கிறது.

“ஏட்டி, என்ன அரிசி எடுத்துக் குடுத்த?” என்று மருமகளைக் கேட்டார். அண்ணாச்சியின் வீட்டுக்காரியை நான் மதினி என்பேன், பரமசாது.

“எப்பவும் போடுதது தான் அத்தை.”

பெரியம்மை குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார்.  

அண்ணாச்சி ஓடிவந்தார். வாழ்க்கையில் அவர் பேசிய வாதத்திலேயே மோசமான வாதத்தை அன்றைக்குத்தான் பேசினார்.

“அம்மா, நீ சொன்னது காப்பி அடுப்புல ஏறக் கூடாதுன்னு. ஏத்தினது யாரு? நான் இல்லையே. நீயில்லா ஏத்தியிருக்க!”

“ஆமலே” என்றார் பெரியம்மை. “ஏத்தினவ நாந்தான். அப்பம் வண்டி ஏறவேண்டியவளும் நாந்தான்.”

அதோடு பேச்சு முடிந்தது. உலையைக் கவிழ்த்தார். அடுப்பை மறுபடி மெழுகிக் கோலம் போட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முக்கூடலுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த பழத்தையும் மோரையும் மட்டும் வாங்கிக்கொண்டார். மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணாச்சி ஆளே மாறிப்போனார். காப்பியை அந்த நிமிஷமே விட்டுவிட்டார். மிச்சத் தூளையும் இன்னொரு பானையையும் சுவர் வழியாக என்னிடம் தள்ளிவிட்டு, “இத எங்கயாவது கொட்டிரு தங்கச்சி” என்றார். கொட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. நான் வறுத்த கொட்டை அல்லவா? அவர் சொல்லிக்கொடுத்தபடியே என் வீட்டு மூலையில், பானைக்கு மேலே ஓயாமல் ஈரச்சாக்கைச் சுற்றி, ஊறவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த ருசி பழகிவிட்டது. அண்ணாச்சி நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார், வருவார். தெருவில் கத்தரிக்காய்க்காரி வந்து பிஞ்சு பிஞ்சு என்று கூவிவிட்டுப் போனாள். அவளை யாரும் சாட்சி கேட்கவில்லை. வாசலில் நின்று இரண்டு தரம் கூவிப் பார்த்தாள், பாவம்.

மதினி என்னிடம் வந்து அழுதாள். “அவுக அம்மை போயிட்டா இந்த மனுசன் தாங்க மாட்டாவ. அப்பா முகம் தெரியாம, அம்மை கையில வளந்த பிள்ளை. நான் சொன்னா யாரு கேக்கா?”

முக்கூடல் மாமா வந்தது நல்ல உச்சிவெயிலில். பெரியம்மையின் தம்பி, மீசையும் தொந்தியுமாக, நாலு பேருக்குப் பேசுகிற குரல் உள்ள விவசாயி. வில்வண்டி வாசலில் நின்றதும் பெரியம்மையின் தகரப்பெட்டி வண்டியில் ஏறியது. நானும் போய்விட்டேன், போகாமல் வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது?

மாமா உள்ளே வந்து துண்டால் விசிறிக்கொண்டார். “அக்கா, கெளம்பலாம். அதுக்கு முன்ன ஒரு வாய் காப்பி குடுக்கச் சொல்லு.”



“நீயுமாலே?” என்றார் பெரியம்மை.

“என்னக்கா இப்படிக் கேக்க? முக்கூடல்ல இப்பம் காப்பி குடிக்காதது கன்னுக்குட்டி மட்டுந்தான். நம்ம வீட்டு அடுப்புல காலம்பற ஒரு அண்டா கொதிக்கும். நீ வந்து பாரேன்!”

பெரியம்மையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தேன். வண்டியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி ஏறிவிட்டது, சொன்ன சொல் நிற்கிறது, இறங்குவதற்கு வழியில்லை.

மதினி அண்ணாச்சியின் கையைப் பிடித்து அடுக்களை வாசலுக்கு இழுத்துப்போனாள். “வந்த மாமாவுக்குச் சூடா போட்டிருவமா? அத்தைதான் போறாவளே. இனி அடுப்புல ஏறினா என்ன?”

அண்ணாச்சி முடியாது என்று தலையை ஆட்டினார். அந்த வாயில் ஒரு சட்டமும் வரவில்லை.

“அவ போனாலும் அது அவ அடுப்புதாம்ட்டி. அதுல நான் ஏத்த மாட்டேன்.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்கும்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்கு ஓடினேன். பானையில் வடித்து வைத்ததைச் செம்பில் எடுத்து, கருப்பட்டி தட்டி, பால் விட்டுக் கலந்து கொண்டுவந்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன். அவர் மாமாவிடம் நீட்டினார். மாமா தூக்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

“தூ! என்னலே இது, ஆறி அவலாக் கெடக்கு? சொந்த மாமனுக்கு ஆறின காப்பியா குடுக்க? பெத்தவளையும் வண்டி ஏத்துத, வந்தவனுக்கும் மிச்சம் மீதியை ஊத்துத. நல்லா இருக்குடே உன் மரியாதை!”

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோர்ட்டு, வக்கீல், வாதம் எல்லாம் எங்கே போயிற்றோ. கண்ணில் தண்ணீர்.

“அந்தச் செம்பை இங்க கொண்டா” என்றார் பெரியம்மை.

தம்பியின் கையிலிருந்து அவரே வாங்கினார். முந்தானையை இழுத்துச் சொருகினார். செம்பை அண்ணாந்து பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், மடமடவென்று கடைசிவரை குடித்தார். நானும் மதினியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மை வாயைத் துடைத்தார்.

“கருப்பட்டி காணாது” என்றார்.

பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

“ஆறினதுன்னு எதைலே சொல்லுத? ஆறணும்னா மொதல்ல சுடணும்லா? இது அடுப்பு மூஞ்சியே பாத்ததில்ல. எம்மவன் எஞ்சொல்லுக்காவ அடுப்பைக் காட்டாம வச்சிருக்கான். உன் வீட்டுல அக்கா வாராளேன்னு அந்த அண்டாவை ஒரு நாளு எறக்கி வச்சியா?”

 வாதம் பண்ணுகிற புத்தி அண்ணாச்சிக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வக்கீல் குமாஸ்தா வேலை சும்மா மேல்பூச்சு.

“அப்பம் நீ வரலையாக்கா?”

“ஏறுதேன்னு சொன்னேன்லா? எம்பொட்டி ஏறிட்டு. சொன்ன சொல்லு தீந்துட்டு. ஏலே” என்று மகனைப் பார்த்தார், “நின்னு அழுதுக்கிட்டு இருக்காத. போயி பொட்டியை எறக்கு. அப்படியே மாமாவுக்கு இன்னொரு செம்பு கேட்டு வாங்கு. ஏளா, இந்தத் தடவை கருப்பட்டியைக் கை தாராளமாப் போடு.”

மாமா இரண்டாவது செம்பைக் குடித்தார். மூன்றாவதையும் குடித்தார். “இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தாம்டே இருக்கு” என்று சொல்லிவிட்டு, வெறும் வண்டியோடு ஊருக்குப் போனார். குடித்த காப்பிக்கு அவர் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தகரப்பெட்டியை இறக்க வண்டிக்காரன் கை கொடுக்க வந்தான். அண்ணாச்சி விடவில்லை. அந்த ஒல்லி உடம்போடு பெட்டியைத் தலைப்பாகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கும்படி, சாமி சப்பரத்தைச் சுமந்து வருகிறவர்போல் பைய நடந்து உள்ளே வந்தார். வழியில் என்னைப் பார்த்து, “கேஸ் ஜெயம் தங்கச்சி” என்றார். அழுகை இன்னும் நிற்கவில்லை, சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

என் தாய் வயிற்றில் எனக்கு ஓர் அண்ணன் பிறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.